கடைசி அலசல், முதல் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று சலவைக்கூடத்துக்கு ஒரு கல்லூரியிலிருந்து வணிகவியல் மாணவர்கள் வந்திருந்தார்கள். பதினெட்டுப் பேர், கூடவே அவர்களுடைய ஆசிரியை. எல்லாரும் நேராக நீலச் சுவருக்கு முன்னால் போய் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள், நானும் தடுப்பதில்லை.

"கடைசி அலசல் தண்ணீர், அடுத்த லோடுக்கு முதல் தண்ணீர்." பதினொரு வருடத்துக்கு முன்னால், குழாயில் காற்று மட்டும் வந்த கோடையில், நானே ஏணி போட்டு ஏறி எழுதியது. எழுத்து வலது பக்கம் கொஞ்சம் மேலே ஏறிப் போயிருக்கும். ஏணி ஆடியது, நான் என்ன செய்ய? வெள்ளைத் துணியைக் கடைசியாக அலசிய தண்ணீர் ஏறக்குறையச் சுத்தமாகவே இருக்கும். அதைச் சாக்கடைக்கு விடாமல் பின்பக்க டேங்கில் பிடித்துவைத்து, அடுத்த லோடை முதலில் அதில் ஊறப் போடுகிறோம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சம். அந்தக் கோடையில் இந்தப் பக்கத்தில் மூன்று சலவைக்கூடங்கள் மூடின. நாங்கள் ஒரு நாள்கூட மூடவில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. கேட்கிறவர்களுக்கு அலுக்கிறதா என்று நான் கேட்டதில்லை.

ஆசிரியை கேட்டார்: "ஒரு தொழில் எப்படி நடக்குதுங்கிறதை உள்ள இருக்கிற காரணங்களும் முடிவு பண்ணுது, வெளிய இருக்கிற காரணங்களும் முடிவு பண்ணுது. உங்க அனுபவத்துல சொல்லுங்களேன்."

நான் யோசிக்கவே இல்லை. "உள்ள இருக்கிறதெல்லாம் என் பேச்சைக் கேட்கும். வெளிய இருக்கிறது கேட்காது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மத்தியானம் ஸ்கேல் ஏதோ சொல்ல வந்தாள். ஸ்கேல் எங்கள் இஸ்திரி மேசைக்குத் தலைவி, பதினாறு வருடமாக என்னோடு இருக்கிறாள். அவள் மடித்த விரிப்பின் நாலு மூலையும் இம்மி பிசகாது, அதனால் அந்தப் பெயர். அதற்குள் லாரி வந்துவிட்டது. "அப்புறம்" என்று கை காட்டிவிட்டு ஓடினேன்.

மார்ச் 7, வெள்ளி

இஸ்திரிப் பிரிவின் பெரிய மேசைக்கு ஒரு கால் குட்டை. ஜனவரியில் ஏதோ ஒரு தடித்த தாளை எட்டாக மடித்து அடியில் செருகினேன். இன்றைக்குத் தட்டிப் பார்த்தேன், மேசை அசையவில்லை. தச்சரைக் கூப்பிடச் சொல்லி இரண்டு மாதமாகத் தம்பி நச்சரித்தான். இந்தக் கூடத்தில் நான் கை வைத்தது எல்லாம் நிற்கும்.

மார்ச் 10, திங்கள்

மருத்துவமனையிலிருந்து நாற்பது விரிப்புகள் திரும்பி வந்துவிட்டன. பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

கிழிசல் இல்லை, கறை இல்லை. மஞ்சள். தனியாகப் பார்த்தால் தெரியவே தெரியாது. கூடவே கொள்முதல் அதிகாரியும் வந்திருந்தார், புதிதாகச் சேர்ந்தவர். கையில் நீள அட்டை ஒன்று. ஒரு முனையில் பளீர் வெள்ளை, மறுமுனையில் பழைய பல்லின் நிறம், நடுவில் பத்துக் கட்டம். விரிப்பின் மேல் அட்டையை வைத்து, கட்டம் கட்டமாக நகர்த்தி, ஏழாவது கட்டத்தில் நிறுத்தினார். "மூணுக்குள்ள இருக்கணும்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் எரிச்சல். அட்டைக்காரர்!

வெள்ளை வேன்கள் வைத்திருக்கும் அந்தப் பெரிய கம்பெனி மருத்துவமனைக்கு மாதிரி அனுப்பியிருக்கிறதாம். "இந்த மாசம் கடைசி நாள் வந்து பார்க்கிறேன். அன்னைக்கும் இப்படி இருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

எங்கள் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு அந்த மருத்துவமனைதான், மிச்சம் ஹோட்டல் துணி. அது போனால் இருபத்திரண்டு பெண்களில் எட்டுப் பேருக்குத்தான் வேலை இருக்கும். எந்த எட்டுப் பேர்? அதை நான் எழுத மாட்டேன். அப்படி ஒரு பட்டியல் என் கையெழுத்தில் இருக்காது.

மார்ச் 12, புதன்

சோப்புத்தூள்தான் காரணம். கலப்படம். சப்ளை செய்பவரைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன். "அதே தூளைத்தானே ஒன்பது வருஷமா வாங்குறீங்க" என்றார். அதனால்தான் சொல்கிறேன், இப்போது மாற்றிவிட்டார்கள் என்றேன். வேறு இடத்தில் வாங்கியாகிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

புதுத் தூளிலும் மஞ்சள்.

மார்ச் 15, சனி

அப்படியானால் பாய்லர். தம்பிதான் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறான். நாள் முழுக்கக் குழாயைக் கழற்றி, தேய்த்து, மாட்டி, சாயங்காலம் கறுப்பாய் வந்து நின்றான். "அக்கா, பாய்லர் என்னைவிடச் சுத்தமா இருக்கு" என்றான். நான் சிரிக்கவில்லை.

ஸ்கேல் மறுபடி வந்தாள். "அக்கா, காலையில வர்ற லோடு..." என்று ஆரம்பித்தாள். தம்பியோடு பேசிக்கொண்டிருந்தேன், கையை உயர்த்தினேன், போய்விட்டாள்.

வீட்டில் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "உள்ள இருக்கிறதெல்லாம் உன் பேச்சைக் கேட்கும்னு பிள்ளைங்ககிட்ட சொன்னியே. விரிப்பு உள்ளயா, வெளியயா?" முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாய், ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருக்காது. எழுந்து அடுக்களைக்குப் போனேன்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று செய்யக் கூடாததைச் செய்தேன். எழுதிவைக்கிறேன், நாளைக்கு மாற்றிப் பேசாமல் இருக்க.

தூள் இல்லை, பாய்லர் இல்லை, அப்படியானால் மிச்சம் இஸ்திரி. சூடு அதிகம் வைத்தால் துணி பழுக்கும்தானே. நேராகப் போய், அத்தனை பேர் முன்னாலும், ஸ்கேலிடம் கேட்டேன்: "பதினாறு வருஷம் ஆச்சே, சூடு எவ்வளவு வைக்கணும்னு இன்னும் தெரியாதா? உன் அலட்சியத்துக்கு இருபத்திரண்டு பேர் தெருவுல நிக்கணுமா?"

இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் ஏப்ரனைக் கழற்றினாள். மேசையில் விரித்து, இரண்டாக, நான்காக, எட்டாக மடித்தாள். நாலு மூலையும் ஒன்றாய் உட்கார்ந்தன. அதை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போகட்டும். நாளைக்கு வருவா. எங்க போயிடுவா?

மார்ச் 19, புதன்

வரவில்லை. இன்றைக்கு மடித்தது எல்லாம் கோணல்.

மார்ச் 20, வியாழன்

தம்பி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். அவன் கதவைச் சாத்துகிற ஆள் இல்லை.

"கருகினா ஒரு இடந்தான்க்கா கருகும். இஸ்திரி நின்ன இடம் மட்டும் பழுக்கும். இது விளிம்பிலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரே மாதிரி இருக்கு. அவ செஞ்சதில்ல."

"அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல வாயைத் திறந்தேன். நீ கையைக் காட்டினே."

நான் எப்போது கையைக் காட்டினேன்? எனக்கு ஞாபகமே இல்லை. இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நாலாம் தேதி இருக்கிறது. பதினைந்தாம் தேதி இருக்கிறது. நானே எழுதிவைத்திருக்கிறேன், பெருமையாக, லாரிக்கு ஓடின கதையாக.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

மார்ச் 21, வெள்ளி

அவள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. படியேறும்போது முழங்கால் வலித்தது, வலிக்கட்டும் என்று ஏறினேன். பதினாறு வருடத்தில் இந்தப் படியை நான் மிதித்ததில்லை என்பது இரண்டாவது மாடியில்தான் உறைத்தது.

கதவைத் திறந்தவள் ஆச்சரியப்படவில்லை. "வாங்கக்கா" என்றாள். ஒரே அறை, சமையலுக்கு ஒரு மூலை. அலமாரியில் துணிகள் அச்சில் வார்த்த மாதிரி அடுக்கியிருந்தன. அவள் கணவர் தேநீர் வைத்துக்கொடுத்துவிட்டு, வேலை இருக்கிற மாதிரி மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒத்திகை பார்த்து வந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாடியும் பேசினேன், எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கிறேன். நீ வந்தாலும் கேட்பேன், வராட்டியும் கேட்பேன்" என்றேன்.

தம்ளரைக் கீழே வைத்தாள்.

"சூடு வைக்கத் தெரியாதான்னு கேட்டீங்களே, அதுகூடப் பரவாயில்லக்கா. அலட்சியம்னு சொன்னீங்க பாருங்க..." நிறுத்திவிட்டாள். அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் சொன்னாள். "எல்லா விரிப்பும் கடைசியா என் கையிலதான் வருது. ஒரு மாசத்துக்கு மேலயே பார்த்துட்டு வரேன். காலையில வர்ற முதல் லோடு வெள்ளையா இருக்கு. ரெண்டாவதுல லேசா மாறுது. சாயங்காலம் வர்றது பழுத்த இலை. மறுநாள் காலையில திரும்ப வெள்ளை. மூணு தடவை சொல்ல வந்தேன்."

"மூணா?" நோட்டில் இரண்டுதான் இருக்கிறது.

"பிப்ரவரியில ஒரு தடவை. அன்னைக்கும் கைதான்."

முதல் லோடுக்கும் மற்றதுக்கும் என்ன வித்தியாசம்? தூள் அதேதான், பாய்லர் அதேதான், இஸ்திரியும் அதேதான். படியிறங்கும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். தெருவுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். தினமும் சாயங்காலம் பின்பக்க டேங்கைத் திறந்துவிட்டுத் தரை கழுவுகிறோம். காலையில் டேங்க் காலி. முதல் லோடுக்கு மட்டும்தான் புதுத் தண்ணீர்.

என் விதியா? என் சுவரா?

இல்லை. பதினொரு வருடம் வெள்ளையாகத்தானே வந்தது. அது இல்லை.

மார்ச் 22, சனி

ஸ்கேல் வந்துவிட்டாள். எட்டு மணிக்கு எல்லாரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். மடித்து வைத்த ஏப்ரனை நானே எடுத்துக் கொடுத்தேன். யாரோ பின்னாலிருந்து "அக்கா இன்னொரு தடவை சொல்லுங்க, படம் எடுத்துக்கிறோம்" என்றாள், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

டேங்க் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அது இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு ஸ்கேல் மேசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆடுதே" என்றாள். தரை கூட்டியவர்கள் காலுக்கு அடியில் இருந்த மடித்த தாளை நகர்த்திவிட்டார்கள். குனிந்து அதை எடுத்தாள். இன்னும் ஒரு மடிப்பு கூடுதலாக மடிக்கலாம் என்று விரித்தாள். அவளுக்கு ஒரு பழக்கம், அச்சடித்த எதைக் கண்டாலும் படித்துவிடுவாள். படித்ததும் என்னிடம் நீட்டினாள்.

குடிநீர் வாரியத்தின் அறிவிப்பு. ஜனவரி மாதத் தேதி. ஆற்றுக் குழாயில் பெரிய பழுதுவேலை. பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் வரும். இரும்புச் சத்து கூடுதல், குடிக்கலாம், கெடுதல் இல்லை. தொழிற்கூடங்கள் கவனத்தில் கொள்ளவும்.

கவனத்தில் கொண்டேன். மேசைக் காலுக்கு அடியில்.

தம்பி ஒரு கண்ணாடித் தம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தான், பளிங்கு மாதிரி இருந்தது. அதில் துணி வெளுக்கிற மருந்து இரண்டு சொட்டு விட்டு ஜன்னலில் வைத்தான். தேநீர் இடைவேளைக்குள் பழுப்பாகிவிட்டது.

மார்ச் 23, ஞாயிறு

கூடத்துக்கு விடுமுறை. நானும் தம்பியும் ஸ்கேலும் மட்டும் போனோம். ஒரே மாதிரி அறுபது விரிப்பு. முப்பதைப் புதுத் தண்ணீரிலேயே துவைத்தோம். முப்பதை என் விதிப்படி, பின்பக்க டேங்கில் மூன்று தடவை பிடித்த தண்ணீரில். மொட்டை மாடியில் கயிறு கட்டி எதிரெதிராகக் காயப்போட்டோம்.

அட்டை தேவைப்படவில்லை. பக்கத்துக் கட்டடத்து மாடியில் நின்றவர்கூட எது எது என்று சொல்லியிருப்பார்.

தம்பி டேங்குக்குள் கையை விட்டு அடியிலிருந்து அள்ளினான். காபி வடிகட்டின சக்கை மாதிரி, கை நிறையத் துரு. ஆற்றுத் தண்ணீரில் இது கிடையாது. புதுத் தண்ணீரில் கொஞ்சமே கொஞ்சம் இருக்கிறது, அலசினால் போய்விடும். என் விதிதான் அதைப் போகவிடாமல் பிடித்துவைத்து, சேர்த்து, அடுத்த லோடுக்கு ஊற்றியிருக்கிறது. லோடுக்கு லோடு.

நான் அழவில்லை என்று எழுத ஆசை. மூக்கைச் சிந்தினேன், அவ்வளவுதான்.

அந்த ஆசிரியைக்கு நான் சொன்ன பதில் தப்பு. வெளியே தண்ணீர் மாறியது, அது என் கையில் இல்லை, சரி. ஆனால் தண்ணீர் மட்டும் மாறியிருந்தால் அட்டையில் மூன்றாவது கட்டத்துக்குள்ளேயே நின்றிருக்கும். ஏழு வரைக்கும் கொண்டுபோனது என் சுவரும், என் கையும்.

மார்ச் 24, திங்கள்

இனி எட்டு நாள்.

புதுத் தண்ணீரிலேயே எல்லாவற்றையும் துவைத்தால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். இப்போது குழாயில் அழுத்தம் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரைக்கும்தான். எங்கள் வேலை நேரம் எட்டுக்கு ஆரம்பிக்கிறது. இதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு மலை ஏறியது போல இருந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பவில்லை போலிருக்கிறது. பிறகு ஒருத்தி ஆரம்பித்தாள், அப்புறம் நிறுத்த முடியவில்லை. விரிப்பு எல்லாம் ஐந்து மணிக்கு, புதுத் தண்ணீரில். அந்தத் தண்ணீரைப் பிடித்து, ஒன்பதுக்கு மேல் ஹோட்டல் கால்மிதிகள், தரைத் துடைப்பான்கள், சமையல்காரர்களின் நீல ஏப்ரன்கள். அதில் மஞ்சள் விழுந்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? டேங்கை நாளுக்கு இரண்டு தடவை கழுவ வேண்டும். ஐந்துக்கு வருகிற பதினோரு பேர் ஒரு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார்கள். சின்னக் குழந்தை இருக்கிறவர்கள் எட்டு மணிக்கு வருவார்கள். யார் எந்த நேரம் என்று அவர்களே அரை மணியில் பிரித்துக்கொண்டார்கள். நான் செய்திருந்தால் மூன்று நாள் ஆகியிருக்கும், ஐந்து பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் ஸ்கேல் கேட்டாள்: "எல்லாஞ் சரி. அஞ்சு மணிக்குக் கதவை யாரு திறப்பா? சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

பதினெட்டு வருடமாக என் இடுப்பிலேயே இருக்கிற சாவி. கழற்றுவதற்குள் ஒரு யுகம் ஆகிவிட்டது, கயிறு இறுகிப்போயிருந்தது. கொடுத்துவிட்டேன்.

மார்ச் 26, புதன்

ஐந்தேகாலுக்கு நான் போனபோது முதல் லோடு சுற்றிக்கொண்டிருந்தது. "ஏன்க்கா, தூக்கம் வரலையா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், வரவில்லை. சந்தோஷத்தில்.

மார்ச் 29, சனி

பழுத்த விரிப்புகள் நானூற்று முப்பது. துரு எடுக்கிற மருந்தில் போட்டு, மூன்று அலசல் அலசி, தம்பி எல்லாவற்றையும் மீட்டுவிட்டான். கை முழுக்கத் தோல் உரிந்திருக்கிறது. கையுறை போடச் சொன்னால் போட்டால்தானே! இவன் பிறந்தபோது அழுதுகொண்டே இருந்தான், எதற்காவது ஆவானா என்று நினைத்தேன். நல்லா ஆகியிருக்கான்.

மார்ச் 31, திங்கள்

அட்டைக்காரர் பத்தரைக்கு வந்தார். கூடவே ஒரு பையில் பெரிய கம்பெனியின் விரிப்பு. அவரே அடுக்கிலிருந்து, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று உருவினார். அட்டையை வைத்து நகர்த்தினார். இரண்டாவது கட்டம். இரண்டு. மூன்றாவதும் இரண்டு.

தன் பையிலிருந்த விரிப்பை விரித்து வைத்தார். அது முதல் கட்டம். எங்களைவிட வெள்ளை. நான் பொய் எழுத மாட்டேன், அது வெள்ளைதான். பிறகு இரண்டு மடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எங்கள் மடிப்பின் மூலையை விரலால் நீவினார்.

"நர்சுங்க இந்த மடிப்பைத்தான் கேட்கிறாங்க. ஒரே உதறல்ல விரிஞ்சிடுதாம். அவசரத்துல அது பெரிய உதவியாம்" என்றார். பிறகு, "மூணு வாரத்துல எப்படிச் சரி பண்ணீங்க? காரணம் என்ன?"

தண்ணீர் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. வாரியத்தின் தாள் மேசைமேலேயே இருந்தது, எட்டு மடிப்புக் கோடுகளோடு.

"தண்ணி மாறிச்சு சார். அது வெளிய. அது மாறின பிறகும் பழைய விதியையே பிடிச்சுக்கிட்டு இருந்தது நான். அதோ சுவர்ல எழுதியிருக்கு பாருங்க, என் கையெழுத்து" என்றேன். "கண்டுபிடிச்சது இவங்க." ஸ்கேலின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன். அவள் நெளிந்தாள். அட்டைக்காரர் அட்டையை அவள் கையில் கொடுத்து, "ஒண்ணு வச்சுக்குங்க. வாரம் ஒரு தடவை நீங்களே பாருங்க" என்றார்.

மனுஷன் மோசமில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. வார்டு விரிப்புகள், தலையணை உறைகள் எல்லாம் எங்களுக்கே, இரண்டு வருடத்துக்கு. அறுவைச் சிகிச்சை அறைத் துணிகள் மட்டும் பெரிய கம்பெனிக்கு. அவர்களிடம் இருக்கிற இயந்திரம் எங்களிடம் இல்லை, அது உண்மை.

முழு வெற்றி இல்லை என்று தம்பி முகத்தைத் தொங்கப்போட்டான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இருபத்திரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது. கூடத்தின் நடுவில் நின்று சத்தமாகப் படித்தேன். கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது. "இன்னொரு தடவை படிங்க" என்றார்கள். இரண்டு தடவை படித்தேன்.

எனக்கு இவ்வளவு பெருமை அந்தக் கோடையில்கூட இருந்ததில்லை. அப்போது என்னை நினைத்துத்தான் பெருமைப்பட்டேன். இது வேறு மாதிரி இருக்கிறது, இன்னும் பெரிதாக இருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

சுவரில் இருந்த எழுத்தை அழித்தோம். நானே ஏணியில் ஏறினேன், தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டான். பழைய எழுத்து மேல் சுண்ணாம்பு போகும்போது லேசாக வலித்தது, மறைக்க என்ன இருக்கிறது. புது விதியை ஸ்கேல் எழுதினாள். வெள்ளைக்குப் புதுத் தண்ணீர், மற்றதற்கு அலசின தண்ணீர். எழுத்து நூல் பிடித்தது போல நேராக இருக்கிறது, என்னால் தாங்க முடியவில்லை.

கீழே சின்னதாக அவளே ஒரு வரி சேர்த்தாள்: "ஏப்ரல் 5. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கவும்."

"விதிக்கு யாராவது காலாவதித் தேதி போடுவாங்களா?" என்றேன்.

"பாலுக்குப் போடுறாங்கள்ல" என்றாள்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, என் பழைய ஹெட்மாஸ்டருக்கு வகுப்பெடுக்கட்டும்."

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆற்றுக் குழாய் வேலை முடிந்துவிட்டதாம். அக்டோபர் முதல் தேதியிலிருந்து பழைய தண்ணீர் வரும். அறிவிப்பு ஒன்பது மணிக்கு வந்தது. ஒன்பதரைக்கு நான் போனபோது சுவரில் ஒட்டியிருந்தது, பக்கத்தில் வந்த தேதியும் நேரமும் எழுதியிருந்தது. இருபத்திரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது, எனக்குத்தான் கடைசியில்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆற்றுத் தண்ணீர்! அப்படியானால் என் விதி திரும்பி வரலாம். பழையபடி எல்லா லோடுக்கும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மாடிப்படிக்கு அடியில் நீலப் பெயிண்ட் டப்பா இன்னும் இருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடித்து, மூடியையும் நெம்பித் திறந்துவிட்டேன்.

அப்போது ஸ்கேல் வந்து நின்றாள். கையில் அட்டை. "அக்கா, ஒண்ணு சொல்லணும்."

வெளியே லாரி ஹாரன் அடித்தது.

என் கை எழுந்துவிட்டது. பாதி தூரம் போய்விட்டது, நானே பார்த்தேன். ஸ்கேலும் பார்த்தாள். அந்தக் கையை அப்படியே நீட்டி, பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உட்காரு. சொல்லு" என்றேன்.

உட்கார்ந்தாள், சொன்னாள். லாரி இருபது நிமிடம் நின்றது.